விளம்பரத் தாள்களும் அலங்கார அச்செழுத்துக்களும்

எழுத்தின் வடிவம் எழுதுவோனின் விருப்பத்தினால் மாத்திரம் அமைவதொன்றன்று. எழுதுங் கருவியும், எழுதப்படும் பொருளும், படிப்போன் நிற்குந் தூரமும் ஒருங்கு சேர்ந்தே அதனை உருவாக்குகின்றன. பனையோலையில் எழுத்தாணி கொண்டு எழுதிய நம் முன்னோர், ஓலை துளைபட்டுக் கிழியாதிருத்தற் பொருட்டு மெய்யெழுத்துக்களுக்குப் பெரும்பாலும் புள்ளியிடாது எழுதினர் என்பதை ஏட்டுச்சுவடிகளைப் பயின்றோர் அறிவர். கல்லில் உளியாற் பொறித்த எழுத்து ஒருவகையாகவும், ஓலையிற் கீறிய எழுத்து வேறொரு வகையாகவும் இருத்தற்குக் காரணமும் இதுவே. மேனாட்டிலே 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதனை யொத்த ஒரு நிலை தோன்றிற்று. கையில் ஏந்திப் படிக்கும் நூலுக்கெனப் பிறந்த எழுத்து, வீதியில் விரைந்து செல்வோனை நிறுத்த வேண்டிய தொழிலை மேற்கொள்ள நேர்ந்தது. அந்நெருக்கடியிலிருந்து பிறந்தவையே, இன்று 'பழமைப் பாங்கான அலங்கார எழுத்துக்கள்' என்று நாடக விளம்பரங்களிலும் உணவுச்சாலைப் பெயர்ப் பலகைகளிலும் விரும்பிப் பயன்படுத்தப்படுபவை. அவை எவ்வாறு தோன்றின, ஏன் இகழப்பட்டன, எங்ஙனம் மீண்டன என்பவற்றை ஈண்டு ஒருவாறு ஆராய்வாம்.

ஐரோப்பாவில் 15 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அச்சுக்கலை தோன்றியது முதல் ஏறத்தாழ முந்நூற்றைம்பது ஆண்டுகள் வரை அச்செழுத்து என்பது நூலெழுத்தே. அறிவித்தல்களும் நாடகத் தாள்களும் அக்காலத்தில் அச்சிடப்பட்டனவாயினும், நூலுக்குரிய எழுத்தையே சற்றுப் பெரிதாக்கி அவற்றிற் பயன்படுத்தினர். செய்தியை நாடி அருகில் வருவோனுக்கு அது போதியதாயிருந்தது. செய்தியை நாடாதவனையும் நாடச் செய்தல் வேண்டும் என்ற எண்ணம் வணிகரிடத்தில் வலுவடைந்தபோதுதான் அவ்வெழுத்தின் குறைபாடு வெளிப்பட்டது.

இவ்வெண்ணம் இங்கிலாந்தில் முதலில் வலுவடைந்ததற்குத் தக்க காரணங்கள் உள. கைத்தொழிற் புரட்சியின் பயனாக ஆலைப் பொருள்கள் குவிந்தன. அவற்றை வாங்குவோர் நகரங்களிற் குவிந்தனர். 1801 இல் ஏறத்தாழப் பத்து இலட்சமாயிருந்த இலண்டன் மாநகரின் குடித்தொகை 1851 இல் இருபத்துமூன்று இலட்சத்தைக் கடந்தது. புதினத்தாள்களில் விளம்பரஞ் செய்வதோ பெருஞ்செலவாயிருந்தது. ஒவ்வொரு விளம்பரத்துக்கும் அரசாங்கம் தனிவரி விதித்திருந்தது. 3 சிலிங் 6 பென்ஸ் ஆகவிருந்த அவ்வரி 1833 இல் 1 சிலிங் 6 பென்ஸ் ஆகக் குறைக்கப்பட்டு, 1853 இலேயே அறவே நீக்கப்பட்டது. ஆகவே வணிகரும் நாடகக் கம்பனிகளும் சுவர்களை நாடினர். மரத்தாலான பழைய அச்சுப்பொறியின் இடத்தை 1800 ஆம் ஆண்டளவில் ஸ்ரன்ஹோப் பிரபுவின் இரும்புப்பொறி பெறத் தொடங்கியமையால், பெரிய தாளையும் பெரிய எழுத்தையும் ஒரே இழுப்பில் அழுத்தி அச்சிடும் வல்லமையும் அச்சகத்தாருக்குக் கிட்டிற்று.

அக்காலச் சுவர் எத்தகையது என்பதை ஜோன் ஓர்லாண்டோ பரி என்பார் 1835 இல் வரைந்த இலண்டன் வீதிக்காட்சி ஓவியம் நன்கு காட்டுகின்றது. தூய பவுல் பேராலயத்தின் குவிமாடம் பின்னணியில் விளங்க, முன்னேயுள்ள மறைப்பு முழுவதும் விளம்பரத் தாள்கள் ஒன்றன்மேலொன்றாக ஒட்டப்பட்டிருக்கின்றன. நேற்று ஒட்டியதன் பாதியை இன்று ஒட்டியது மறைக்கின்றது. தாள் ஒட்டுவோன் ஒருவன் மேலும் ஒரு தாளை ஒட்டிக்கொண்டிருக்கின்றான். எழுத்துக்கள் தம்முட் போர் புரியும் களமாக அச்சுவர் தோற்றுகின்றது. அயலிலுள்ள தாளை வெல்லாத எழுத்து அங்கே இல்லாத எழுத்துக்குச் சமம். அலங்கார எழுத்துக்களின் வரலாற்றை விளங்கிக்கொள்ள விரும்புவோர் இக்காட்சியை மனத்திலிருத்துதல் வேண்டும்.

இப்போரில் முதலிற் கையாளப்பட்ட உபாயம் எழுத்தைப் பருக்கச் செய்தலாகும். 19 ஆம் நூற்றாண்டின் முதலாண்டுகளில் இலண்டன் எழுத்துவார்ப்பாளராகிய றொபேட் தோண் என்பார் இவ்வகையை வழக்கிற்குக் கொண்டுவந்தாரெனக் கொள்வர். எழுத்தின் நிமிர்ந்த கோடுகள் எழுத்துயரத்தின் பாதியளவுக்கு அணித்தாகத் தடித்திருக்க, இணைக்குங் கோடுகள் மயிரிழையென மெலிந்திருந்தன. 'கொழுத்த முகம்' என்று பொருள்படும் பெயரால் இவ்வெழுத்து வழங்கிற்று. இதனைப் பெரிதும் விரும்பியோருள் அரசாங்க அதிட்டலாபச் சீட்டு விற்போர் முதன்மையானவர். 1826 இல் அச்சீட்டு முறை நிறுத்தப்படும் வரை அவர்கள் ஒட்டிய தாள்களுக்கு அளவில்லை. தோண் 1820 இல் இறந்தபின் அவருடைய வார்ப்புச்சாலையை வாங்கிய வில்லியம் தொரகுட் என்பார், அதிட்டலாபச் சீட்டில் தமக்கு விழுந்த பரிசுப் பணத்தைக் கொண்டே அதனை வாங்கினர் என்பர். சீட்டு எழுத்தை வளர்த்தது. எழுத்தின் உரிமை சீட்டினாற் கைமாறிற்று.

பருத்த எழுத்துக்கும் ஒரு குறை இருந்தது. தூரத்தில் நின்று நோக்குவோனுக்கு அதன் மெல்லிய கோடுகள் மறைந்துபோக, தடித்த தூண்கள் மட்டும் தெரிந்தன. இதற்குப் பரிகாரமாக இரு வகைகள் எழுந்தன. வின்சென்ற் பிகின்ஸ் என்பார் 1815 க்கும் 1817 க்கும் இடைப்பட்ட காலத்தில் வெளியிட்ட வகையிலே எல்லாக் கோடுகளும் ஏறக்குறைய ஒரே தடிப்புடையனவாயின. உரோம எழுத்தின் முனைகளிற் குறுக்காக அமையும் மெல்லிய சிறுகோடுகளும் செங்கற்போலத் தடித்துச் சதுரமாயின. 1816 இல் நான்காம் வில்லியம் கஸ்லன் வெளியிட்ட மாதிரியோ அம்முனைக்கோடுகளை அறவே களைந்துவிட்டது. இன்று உலகெங்கும் வீதிப் பெயர்ப் பலகைகளிலும் நிலையங்களிலும் காணப்படும் முனைக்கோடற்ற அச்செழுத்தின் முதல் வார்ப்பு அதுவேயாம். 1798 இல் நெப்போலியன் எகிப்தின்மீது படையெடுத்ததன் பின் எகிப்தியப் பொருள்களில் ஐரோப்பியருக்கு மோகம் மிகுந்திருந்தமையால், இப்புதிய எழுத்துக்களுக்கு 'எகிப்தியன்' என்ற பெயர் வழங்கலாயிற்று. எகிப்துக்கும் அவற்றுக்கும் வேறு தொடர்பு யாதுமில்லை.

இவற்றின்பின் புதுமை வேட்கை தலைதூக்கிற்று. 1821 இல் தோன்றிய 'இத்தாலியன்' என்னும் வகையில், தடிக்க வேண்டிய கோடு மெலிந்தும் மெலிய வேண்டிய கோடு தடித்தும் நின்றன. இயல்பைத் தலைகீழாக்கினால் வழிப்போக்கன் திரும்பிப் பார்ப்பான் என்பதே அதன் தத்துவம். 'ரஸ்கன்' என்னும் வகையில் முனைகள் மீன்வால்போற் பிளந்து சுருண்டன. இப்பிளவு முற்றிலும் புதியதன்று. 4 ஆம் நூற்றாண்டில் பாப்பரசர் தமாசுவின் பொருட்டு பிலோக்கலசு என்பார் உரோமாபுரியிற் பொறித்த கல்வெட்டுக்களிலும் பிளந்த முனைகள் உள. நிழல் விழுந்தனபோன்ற எழுத்துக்களும், உட்கூடான எழுத்துக்களும், கொடியும் பூவும் நிரம்பிய எழுத்துக்களும் தொடர்ந்தன. 1845 இல் றொபேட் பெஸ்லி வெளியிட்ட 'கிளாரெண்டன்' இவற்றுள் அடக்கமானது. அகராதியில் தலைச்சொல்லைப் பிரித்துக் காட்டுதற்கு உகந்த அவ்வெழுத்து, அன்றைய சட்டத்தின்கீழ் மூன்றாண்டுப் பாதுகாப்புப் பெற்றது. அக்காலம் முடிந்ததும் ஏனைய வார்ப்புச்சாலைகள் அதனைப் படியெடுக்க, அதுவும் பெருத்துச் சுவருக்கு ஏறிற்று.

இனி, எழுத்து எப்பொருளால் ஆக்கப்பட்டது என்பதையும் நோக்குதல் வேண்டும். ஈயக்கலவையில் ஒன்றிரண்டு அங்குலத்துக்கு மேற்பட்ட எழுத்தை வார்த்தல் எளிதன்று. உலோகம் ஆறும்போது ஒருசீராக ஆறாமையால் முகம் குழிந்துவிடும், பாரமோ மிக அதிகம், தவறி வீழ்ந்தாற் சிதையும், விலையும் கூடியது. இவ்விடர்களை நீக்கியது மரம். நியூயோர்க்கைச் சேர்ந்த டேரியஸ் வெல்ஸ் என்பார் 1827 இல், வேகமாகச் சுழன்று பக்கவாட்டில் மரத்தைக் குடையும் வெட்டுக்கருவியை எழுத்தாக்கத்துக்குப் பயன்படுத்தி, அடுத்த ஆண்டிலே தம் மரவெழுத்துக்களின் மாதிரிநூலை வெளியிட்டார். மரத்தை நெடுக்காகப் பலகையாக அறுத்தால் அச்சின் அழுத்தத்தில் நார் பிளவுபடும். ஆதலின் வைரமேறிய மேப்பிள் மரத்தைக் குறுக்காக வட்டத் துண்டுகளாக அறுத்து, நன்கு உலர்த்தி, நார்முனை மேனோக்கி நிற்க அம்முகத்திலேயே எழுத்தைக் குடைந்தனர். உலோக எழுத்தோடு ஒரே சட்டத்தில் அடுக்குதற்கேற்ப அதன் உயரம் 0.918 அங்குலமாக அமைக்கப்பட்டது. எழுத்தின் அளவை 'வரி' என்னும் அலகினாற் குறித்தனர். ஆறு வரி ஓர் அங்குலம். ஆகவே பன்னிரண்டு வரி எழுத்து என்பது இரண்டு அங்குல எழுத்தாம்.

1834 இல் வில்லியம் லெவன்வேர்த் என்பார் இவ்வெட்டுக்கருவியோடு 'பன்ரோகிராப்' என்னும் படியெடுக்குங் கருவியைப் பொருத்தினார். ஒரு முனையில் மாதிரியெழுத்தின் ஓரத்தைத் தடவிச் செல்ல, மறுமுனை அதனைப் பெரிதாகவோ சிறிதாகவோ மரத்திற் குடையும். இதனால் ஒரே மாதிரியிலிருந்து பல அளவுகள் கிடைத்தன. நுண்ணிய வளைவுகளைக் கையாற் செதுக்க வேண்டிய தொல்லை நீங்கவே, அலங்காரம் மலிவாயிற்று. முன்னர் ஒரு கலைஞனின் பலநாள் உழைப்பைக் குறித்த பூவும் சுருளும் இப்போது இயந்திரத்தின் சில நிமிட வேலையைக் குறித்தன. அலங்காரம் மிகுந்ததற்கு அக்கால மக்களின் சுவையை மாத்திரம் காரணங் கூறுவோர் இவ்வுண்மையை மறந்துவிடுகின்றனர்.

பழைய விளம்பரத் தாள் ஒன்றை நோக்குவோர், அதன் ஒவ்வொரு வரியும் வெவ்வேறு எழுத்தில் அமைந்திருத்தலைக் கண்டு வியப்பர். சிலர் அதனை ஒழுங்கின்மை என்பர். அச்சுக்கோப்போன் நின்ற இடத்தில் நின்று பார்ப்பின் அதன் ஒழுங்கு புலப்படும். அவனுக்கு ஒவ்வொரு வரியும் தாளின் முழு அகலத்தையும் நிரப்புதல் வேண்டும். முக்கியமான சொல் நீண்டதாயின் நெருங்கி ஒடுங்கிய எழுத்தையும், குறுகியதாயின் அகன்று பரந்த எழுத்தையும் எடுத்தான். உயரம் குறையாமல் அகலத்தை மாற்ற இதுவே வழி. எழுத்துச்சாலைகள் ஒரே முகத்தை ஒடுக்கமாகவும் மிக ஒடுக்கமாகவும் அகலமாகவும் செய்து விற்றமைக்கும் இத்தேவையே காரணம். அன்றியும், சிறிய அச்சகத்தில் ஒரு வகையின் எழுத்துக்கள் மட்டிட்ட தொகையினவாகவே இருந்தன. முதல் வரியில் அவ்வெழுத்துக்கள் செலவாகிவிட்டால் அடுத்த வரிக்கு வேறு வகையை நாடாது முடியாது. இவ்வாறு, இன்று நாம் 'பழைய அழகு' என்று போற்றும் கலவைத் தோற்றத்திற் பாதி, அகலத்தின் கட்டாயமும் எழுத்துப் பெட்டியின் வறுமையும் தந்ததேயாம். 1843 இல் இங்கிலாந்தின் றொச்டேல் நகரில் பப்லோ பான்க் என்பாரின் சேர்க்கசுக்கு அச்சிட்ட தாளொன்று இம்முறைக்கு நல்ல சான்று. 1967 இல் இசைவாணர் ஜோன் லெனன் அதனைப் பழம்பொருட் கடையொன்றில் வாங்கி, அதன் வாசகங்களைத் தம் பாடலொன்றுக்கு அடிப்படையாகக் கொண்டமையால் அது பின்னாளிற் புகழெய்திற்று.

இக்கலையின் உச்சத்தை ஐக்கிய அமெரிக்காவின் கனெக்ரிக்கட் மாநிலத்தில் மரவெழுத்துச் செய்த வில்லியம் பேஜ் என்பாரின் நிறுவனம் 1874 இல் வெளியிட்ட பலநிற எழுத்து மாதிரிநூலிற் காணலாம். ஓர் எழுத்துக்கே இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மரக்கட்டைகள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறத்துக்கு. நிறங்கள் ஒன்றன்மேலொன்று படியும் இடங்களில் மூன்றாவது நிறம் தோன்றும். கட்டைகள் மயிரிழையளவு விலகினும் எழுத்துக் கலங்கிவிடும். இத்தகைய திருத்தத்தோடு அச்சிடப்பட்டவை பெரும்பாலும் ஒரு கிழமைக்குப்பின் மழையில் நனைந்து உரியும் தாள்கள் என்பதை எண்ணும்போது அத்தொழிலாளரின் சிரத்தை வியக்கத்தக்கதாகின்றது.

ஆயினும் வியப்போடு நின்றுவிடுதல் தகாது. எழுத்து எதனை உரக்கக் கூறிற்று என்பதையும் வினவுதல் வேண்டும். சேர்க்கசுக்கும் மருந்துக்கும் உழைத்த அதே தடித்த எழுத்துக்களே, அமெரிக்காவின் தென்மாநிலங்களில் மனிதரை ஏலத்தில் விற்பதற்கும், தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துத் தருவோர்க்குப் பரிசு கூறுவதற்கும் உழைத்தன. அடிமைமுறையை ஒழிக்கக் கூட்டங் கூட்டியோரின் தாள்களிலும் அவ்வெழுத்துக்களே நின்றன. 1865 ஏப்பிரலில் சனாதிபதி லிங்கனைக் கொன்றோனையும் அவன் கூட்டாளிகளையும் பிடிப்பதற்கு ஓர் இலட்சம் டொலர் பரிசு கூறி யுத்தத் திணைக்களம் வெளியிட்ட அறிவித்தலும் இம்மரபினதே. உரத்த குரலுக்கு அறமும் மறமும் ஒன்றே. அதனை ஏவுவோரிடத்திலேயே பொறுப்புள்ளது.

19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் எதிர்ப்பு எழுந்தது. 1891 இல் கெல்ம்ஸ்கொற் அச்சகத்தைத் தொடங்கிய வில்லியம் மொறிஸ், 15 ஆம் நூற்றாண்டு வெனிசு நகர அச்சாளரின் எழுத்தை மாதிரியாகக் கொண்டு புது எழுத்து வரைந்து, தம் காலத்து அச்சின் சீர்கேட்டைக் கண்டித்தார். 1928 இல் ஜேர்மனியில் யான் சிகோல்ட் என்பார் தம் நூலில் எல்லா அலங்காரங்களையும் விலக்கி, முனைக்கோடற்ற எழுத்தே புதுயுகத்துக்கு உரியதென வாதித்தார். அவர் போற்றிய அவ்வெழுத்தும், அவர் விலக்கிய அலங்கார எழுத்துக்களும் ஒரே சுவரில், ஒரே ஆரவாரத்திற் பிறந்த உடன்பிறப்புக்கள் என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

கண்டனத்தினும் கடுமையாக இவ்வெழுத்துக்களைத் தாக்கியது கல்லச்சு. 1860 களின் பிற்பகுதியிலிருந்து பாரிஸ் மாநகரில் ஜூல் செறே என்பார் படத்தையும் எழுத்தையும் ஒருங்கே கல்லில் வரைந்து பன்னிறத்தில் அச்சிட்டார். அங்கே எழுத்துப் பெட்டிக்கு வேலையில்லை. அமெரிக்காவில் 1880 இல் விஸ்கொன்சின் மாநிலத்து ரூ றிவேர்ஸ் ஊரில் எட்வேட் ஹமில்ற்றன் என்பார், மெல்லிய மரத்தகட்டில் எழுத்தை வெட்டி மலிவான கட்டையில் ஒட்டும் முறையைத் தொடங்கி, விலையைக் குறைத்துப் போட்டியாளரை வென்றார். 1891 இல் பேஜ் நிறுவனமும் அவர் கைப்பட்டது. மரவெழுத்துத் தொழில் ஒரு நிறுவனத்துள் ஒடுங்கிற்று. 20 ஆம் நூற்றாண்டில் அச்சுமுறை மாறியபோது எத்தனையோ அச்சகங்களின் மரவெழுத்துக்கள் வேண்டாப் பொருளாய் வீசப்பட்டன.

எனினும் அழிவின் விளிம்பிலேயே மீட்சியும் தொடங்கிற்று. 1938 இல் நிக்கொலெற் கிறே என்னும் அம்மையார் 19 ஆம் நூற்றாண்டின் அலங்கார எழுத்துக்களைக் கால அடைவில் ஆராய்ந்து நூலொன்று வெளியிட்டார். அதே ஆண்டில் றொபேட் ஹாலிங் வரைந்த 'பிளேபில்' என்னும் எழுத்து, பழைய நாடகத்தாளின் சாயலை மீட்டது. 1951 இல் நிகழ்ந்த பிரித்தானிய விழாவின் கட்டடங்களிற் பழைய எகிப்தியன் வகைகள் பெருமையோடு பொறிக்கப்பட்டன. 1969 இல் றொப் றோய் கெலி அமெரிக்க மரவெழுத்துக்களின் வரலாற்றை நூலாக்கினார். 1990 இல் அடோபி நிறுவனம் மரவெழுத்துக்களைக் கணினிக்கு மாற்றி, அவற்றுக்கு மரங்களின் பெயர்களையே சூட்டிற்று; 1994 இல் வெளிவந்த 'றோஸ்வூட்', பேஜின் 1874 ஆம் ஆண்டு மாதிரிநூலினின்று பிறந்ததாகும். ரூ றிவேர்ஸ் ஊரில் 1999 முதல் மரவெழுத்துக்கென ஓர் அருங்காட்சியகமும் உண்டு. நாஷ்வில் நகரில் 1879 இல் தொடங்கிய ஹச் ஷோ பிறின்ற் என்னும் அச்சகம் இன்றும் மரவெழுத்தாலேயே இசைநிகழ்ச்சித் தாள்களை அச்சிடுகின்றது.

இம்மீட்சியில் ஒரு பொருள்மாற்றம் நிகழ்ந்துள்ளது. 1830 இல் இவ்வெழுத்து 'இது புதிது' என்று கூவிற்று; இன்று அதே எழுத்து 'இது பழையது' என்று மொழிகின்றது. நேற்றுத் திறந்த கடையின் பலகையில் இதனைத் தீட்டினால், அக்கடை மூன்று தலைமுறை கண்டதுபோலத் தோன்றும். கணினி எழுத்துக்களில் மரத்தின் கீறலையும் மை ஏறாத புள்ளியையும்கூட வேண்டுமென்றே அமைக்கின்றனர். உண்மையையும் போலியையும் பிரித்தறிதற்கு எளிய வழி ஒன்றுண்டு. மெய்யான மரவெழுத்துத் தாளில் ஓர் எழுத்து இருமுறை வருமாயின், அவை இருவேறு கட்டைகளாதலின் இரண்டின் வடுவும் வேறுபட்டிருக்கும். கணினி எழுத்திலோ இரண்டிலும் ஒரே வடு, ஒரே இடத்தில், பெரும்பாலும் அமைந்திருக்கும். உழைப்பினால் வந்த வடு ஒவ்வொன்றும் தனி. வரைந்த வடு ஒன்றன் பிரதி.

தமிழில் விளம்பரமும் பலகையும் எழுதுவோர் இவ்வரலாற்றிலிருந்து கொள்ளத்தக்கதும் தள்ளத்தக்கதும் உள. உரோமப் பேரெழுத்துக்கள் யாவும் ஒரே உயரமுடையவை. பெட்டியுள் அடுக்கினாற்போல வரியை நிரப்புவன. தமிழிலோ பேரெழுத்துச் சிற்றெழுத்து என்னும் பாகுபாடில்லை. இகர ஈகாரக் குறிகள் மேலெழுகின்றன. உகர ஊகாரக் குறிகள் பல கீழிறங்குகின்றன. ஆங்கில எழுத்தின் செங்கல் முனையைக் கொணர்ந்து தமிழ் எழுத்தின் சுழியில் ஒட்டுவோர், அழகையும் பெறார், தெளிவையும் இழப்பர். அவர்கள் கொள்ளத்தக்கது வடிவத்தையன்று, வினாவை: படிப்போன் எவ்வளவு தூரத்தில் நிற்கின்றான்? எச்சொல்லை அவன் முதலிற் காண வேண்டும்? எக்கோடு தூரத்தில் மறையும்? இவ்வினாக்களுக்குத் தமிழெழுத்தின் இயல்பறிந்து விடைகாண்போர், தமிழுக்கே உரிய காட்சியெழுத்தை ஆக்குவர்.

அலங்காரம் தேவையினின்று பிறக்கும்போது உயிருடையதாகின்றது. தேவையை மறந்து தோற்றத்தை மாத்திரம் இரவல் கொள்ளும்போது வெற்றொலியாகின்றது. தோணும் பிகின்சும் வெல்சும் பழமையைத் தேடியவர்களல்லர்; தம் காலத்துச் சுவருக்கு ஏற்ற எழுத்தைத் தேடியவர்கள். அவர்கள் விட்டுச்சென்ற எழுத்துக்களை எடுத்தாளும் மாணவர், அத்தேடலையும் உடன் எடுத்துக்கொள்வாராக.